முதியோர் மேசையில் 304

சீட்டாட்டத்தை முதியோர் இல்லங்களுக்கு ஏற்றவாறு மாற்றியமைப்பது தனக்கென்று நுட்பமும் இலக்கணமும் கொண்ட ஒரு கைவினை ஆகும். எதை எடுத்துவிடலாம் என்பதைவிட எதைத் தொடவே கூடாது என்பதை அறிவதிலேயே அதில் தேர்ந்தவரின் திறமை வெளிப்படுகிறது. இலங்கைத் தமிழரிடையே பல தலைமுறைகளாக ஆடப்பட்டுவரும் 304 என்னும் ஆட்டம் இதை விளக்குவதற்கு மிகவும் பொருத்தமானது. இதை இளமையில் ஆடிப் பழகியவர்களில் பலர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமின்றி, கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் முதுமையை எட்டியிருக்கிறார்கள்.

52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து 2 முதல் 6 வரையுள்ளவற்றை நீக்கினால் எஞ்சும் 32 சீட்டுகளைக் கொண்டு, எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகளாக, நால்வர் இதனை ஆடுகின்றனர். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்னும் நான்கு இனங்களிலும் ஜாக்கியே தலைமைச் சீட்டு. அதற்கு 30 புள்ளி. அடுத்தது 9, அதற்கு 20. பின்னர் ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று இறங்கி, 8க்கும் 7க்கும் புள்ளியே இல்லாமல் முடிகிறது. ஓர் இனத்துக்கு 76 வீதம் நான்கு இனங்களுக்கும் சேர்த்து வரும் 304 என்ற கூட்டுத்தொகையே ஆட்டத்தின் பெயராகவும் நிற்கிறது.

ராஜாவையும் ஆஸையும் கீழே தள்ளி ஜாக்கியையும் ஒன்பதையும் மேலே ஏற்றும் இந்த வரிசை புதியவருக்குப் பெரும் குழப்பம் தருவதால், எளிமைப்படுத்த முனைவோர் முதலில் இதைத்தான் மாற்ற நினைப்பார்கள். அவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் பெரியதும் இதுவே. அல்சைமர் நோயில் அன்றாட நிகழ்வுகளைப் பற்றிய நினைவு முதலில் நலிகிறது. கையும் வாயும் பழகிய செயல்களின் நினைவோ பெரும்பாலும் அதைவிட நெடுங்காலம் நிலைக்கிறது. காலையில் உண்டது மறந்துபோன ஒருவருக்கு ஜாக்கியைக் கண்டதும் அதைக் காத்துவைக்கத் தோன்றும் என்றால், அந்த வரிசை அவருக்கு இயல்பாகவே ஊறிப்போனது என்று பொருள். பொதுவழக்குப்படி ஆஸைத் தலைமைச் சீட்டாக்குவது, அவரிடம் எஞ்சியிருக்கும் திறமையைப் பிடுங்கிக்கொண்டு, இனி எளிதில் கைவராத புதுப்பாடம் ஒன்றைத் திணிப்பதாகும்.

சுமையை வேறிடத்தில் குறைக்கலாம். ராஜா, ராணி, எட்டு, ஏழு ஆகியவற்றை விலக்கினால் இனத்துக்கு நான்காகப் பதினாறு சீட்டுகள் மிஞ்சும், ஆளுக்கு நான்கு. பாதிச் சீட்டுகள் போய்விட்டபோதும் புள்ளிகளில் குறைவது வெறும் 20. எஞ்சிய 284 புள்ளியும் மேசையிலேயே இருக்கின்றன. மூல ஆட்டத்திலும் முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகளே போடப்பட்டு, அவற்றைப் பார்த்தே கேள்வி, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறுவது, தொடங்குகிறது. ஆகவே நான்கு சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொகை கேட்கும் பழக்கம் பழைய ஆட்டக்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இந்தப் பதினாறு சீட்டு வடிவத்தில் ஒரு குறையும் உண்டு: எல்லாச் சீட்டும் மதிப்புடையவை ஆகிவிடுவதால், எதிரணி எடுக்கப்போகும் சுற்றில் ஒன்றுக்கும் உதவாத ஏழைத் தள்ளிவிட்டுத் தன் பத்தைக் காப்பாற்றும் இன்பம் பறிபோகிறது. எனவே நான்கு ஏழுகளையும் திரும்பச் சேர்த்து, ஆளுக்கு ஐந்தாக இருபது சீட்டுகளைக் கொண்டு ஆடுவதே சிறந்த வடிவம். மொத்தப் புள்ளி 284ஆகவே இருக்கும்; அதன் பாதி 142 என்பதால் கேள்வியை 150இல் தொடங்கினால் போதும்.

துருப்பு என்பது மற்ற இனங்களை வெட்டி வெல்லும் இனம். கேள்வியில் வென்றவர் அதைத் தேர்ந்து, அவ்வினச் சீட்டு ஒன்றை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் வேறொன்றைக் கவிழ்த்துப் போட, கேட்டவர் மட்டும் அதைப் புரட்டிப் பார்த்துத் துருப்பாயின் வெளிப்படுத்துகிறார். இந்த மறைவு ஆட்டத்துக்குச் சுவையூட்டினாலும், கவிழ்ந்த சீட்டு எது என்பதை மனத்தில் ஏந்தியிருப்பது மறதியுடையவருக்குக் கடுமையான வேலை. தொடக்கத்திலேயே துருப்பைத் திறந்து காட்டி ஆடவும் மரபில் இடமுண்டு. அதையே வழக்கமாகக் கொண்டால் புதுவிதி எதுவும் தேவைப்படாது. அவ்வாறே, வென்ற சீட்டுகளைக் கவிழ்த்து அடுக்காமல் முகம் தெரிய வரிசையாக விட்டால், எந்த ஜாக்கி போயிற்று, எந்த ஒன்பது இன்னும் வெளிவரவில்லை என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

கருவிகளைப் பற்றியும் கூறவேண்டும். மூட்டுவாதத்தாலோ நடுக்கத்தாலோ சீட்டுகளை விசிறிபோல் விரித்துப் பிடிக்க இயலாதவருக்கு, நீண்ட பள்ளம் வெட்டிய சிறு மரக்கட்டை உதவும். அது கிடைக்காத இடத்தில், துணி தேய்க்கும் பிரஷை முள் மேலே தெரியுமாறு மல்லாத்தி வைத்தால், நெருங்கிய முட்களுக்கிடையே ஐந்து சீட்டுகளும் சாயாமல் நிற்கும். வழுக்கும் மேசையில் தட்டையாகக் கிடக்கும் சீட்டை எடுப்பது நடுங்கும் விரலுக்குப் பெரும்பாடு. சற்றுத் தடித்த ஒற்றை நிறத் துணியை விரித்தால், நகம் அமிழ்ந்து சீட்டின் விளிம்பைத் தூக்க இடம் கிடைக்கிறது. கலைத்துக் குலுக்க முடியாதவர், கவிழ்த்த சீட்டுகளைத் துணிமேல் பரப்பி இரு உள்ளங்கைகளாலும் சுழற்றிக் கலக்கலாம். அந்த வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவே கூடாது.

இனத்துக்கொரு நிறம் கொண்ட கட்டுகளில் பரவலாகக் கிடைப்பது டைமனை நீலமாகவும் கிளாவரைப் பச்சையாகவும் அச்சிட்டது. முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சள் பாய்வதால் நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று மயங்குகின்றன. டைமனைச் செம்மஞ்சளாக அச்சிட்ட கட்டு இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கவேண்டும். மூளையின் வலப்பாகத்தில் பக்கவாதம் கண்டவர்களில் சிலர் தம் இடப்புறத்தில் இருப்பவற்றைக் கவனியாமல் விடுவதுண்டு என்பதால், அவர்களின் மரக்கட்டையைச் சற்று வலப்புறமாக நகர்த்தி, நான்கு மூலைகளிலும் எண் அச்சிட்ட சீட்டுகளைத் தரவேண்டும். எழுத்து பெரிதாக இருக்கவேண்டுமே தவிர, பொம்மையும் விலங்கும் வரைந்த குழந்தைகளின் சீட்டு வேண்டவே வேண்டாம். வாழ்நாள் முழுவதும் ஆடித் தேர்ந்த ஒருவரின் முன் அதை வைப்பது அவமதிப்பே ஆகும்.

இவ்வாட்டத்தின் மிகப்பெரிய பேறு எதிரே அமரும் கூட்டாளி. நினைவு நலிந்தவரைத் தெளிவுடைய ஒருவரோடு சேர்த்துவிட்டால், அவர் கைநழுவ விட்டதை மற்றவர் தம் ஜாக்கியால் மீட்பார். உதவி நடந்தேறும், ஆனால் அது உதவி என்ற பெயரைப் பெறாது. நாற்காலிக்குப் பின்னால் நின்று “ஐயா, அதைப் போடுங்கோ” என்று சீட்டைத் தொட்டுக் காட்டும் பணியாளர் அன்பினாலேயே அப்படிச் செய்கிறார் என்றாலும், எந்தச் சீட்டை இறக்குவது என்ற முடிவு மட்டுமே ஆட்டக்காரருக்கு உரிமையாக இருப்பதால், அதையும் பறித்தபின் அவர் சீட்டு நகர்த்தும் கையாக மட்டுமே மிஞ்சுகிறார். தவறான சீட்டை இறக்கித் தோற்கும் உரிமையும் அந்த உரிமையில் அடங்கும்.

இருபது சீட்டுகளும் கடினமாகும் நிலை வந்தால் முதலில் கைவிடவேண்டியது துருப்பு. கேள்வி அதற்குப் பின்னரும் நெடுநாள் நிற்கலாம். “நூற்றைம்பது”, “நூற்றறுபது” என்று குரலை உயர்த்திக் கேட்பதில் இருக்கும் வீறாப்பு, கேட்ட தொகையை எட்டும் வல்லமை குறைந்தபின்னும் குறைவதில்லை. அதுவும் இயலாதபோது, கலைந்த கட்டை இனவாரியாகப் பிரித்து ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து என்ற பழைய வரிசையில் அடுக்கித் தரும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப், மாண்டிசோரிக் கல்விமுறையை மறதிநோய் கண்டோருக்கு ஏற்ப வடிவமைத்தபோது, வகைபிரித்து அடுக்கும் பணிகளும் அதில் இடம்பெற்றன. வெறும் பயிற்சிக்காக அடுக்கச் சொல்வதற்கும், மூவர் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும்போது அடுக்கச் சொல்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. இரண்டாவதில் அவர் இன்னும் அந்த மேசையைச் சேர்ந்தவர்.