‘கூலி’ பிரெஞ்சுக்குப் போனபோது

1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்ற நாவலின் பெயர் ‘மலேசி’. எழுதியவர் ஆன்ரி ஃபோகோனியே. 1905இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்டவர். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று சொல்லப்படும் தென்னமரம் தோட்டத்தின் கதையிலும் (1917) அவர் பெயர் உண்டு. நம் கொள்ளுத்தாத்தாக்கள் பால் வெட்டிய மாநிலத்தின் அனுபவத்திலிருந்துதான் அந்தப் பரிசு வாங்கப்பட்டிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலோ செமினியிலோ பிரெஞ்சு படிக்கும் ஒரு தமிழ்ப்பிள்ளைக்கு இந்த நாவலின் ஒரு பக்கத்தையாவது வகுப்பில் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால், எப்படிப் படிக்கக் கொடுப்பது? அங்கேதான் குறியியல் வருகிறது. அதோடு குறியியலின் சிக்கலும் வருகிறது.

பிரெஞ்சுக் கல்வியில் குறியியல் என்றால் பலருக்கும் கிரெமாஸின் ஆறு கட்டங்கள்தான். 1966இல் ‘அமைப்பியல் பொருண்மையியல்’ நூலில் அவர் முன்வைத்த மாதிரி அது: செயலாளி, அவர் தேடும் பொருள், தேடலுக்கு அனுப்புபவர், பலனைப் பெறுபவர், துணை, எதிர். 1976இல் மாப்பசானின் ‘இரண்டு நண்பர்கள்’ என்ற ஒரே ஒரு சிறுகதைக்காகக் கிரெமாஸ் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அந்தப் பொறுமை வகுப்புக்கு வந்து சேரவில்லை, கட்டங்கள் மட்டும் வந்துவிட்டன. அட்டவணையை நிரப்பிட்டா கதை புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

‘மலேசி’யை அப்படி நிரப்பிப் பார்க்கலாம். செயலாளி லெஸ்கால், கதைசொல்லி. முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் சந்தித்த ரொலேன் என்ற தோட்டக்காரரைத் தேடி மலாயாவுக்கு வருகிறான். தேடும் பொருள் முதலில் ரொலேன், பிறகு மலாய் மண்ணின் உள்ளம். 1931இல் ஆங்கிலத்தில் பெயர்த்த எரிக் சட்டன் ‘மலாயாவின் ஆன்மா’ என்றே தலைப்பு வைத்துவிட்டார். துணை என்ற கட்டத்தில் ரொலேனையும், மலாய்ப் பணியாள் ஸ்மாயிலையும், நாவலில் வரும் பந்துன் பாடல்களையும் போடலாம்.

தமிழர்களை எங்கே போடுவது?

துணை என்று ஒரு மாணவர் சொல்லக்கூடும். அவர்கள் மரம் வெட்டுவதால்தான் துரைக்கு ஆன்மாவைத் தேட நேரம் கிடைக்கிறது என்பது நியாயமான வாதம். ஆனால், கதைக்குள் அவர்கள் அந்தத் தேடலுக்கு உதவுபவர்களாக வருவதில்லை. எதிரிகளும் இல்லை. பழனியாயி என்ற தமிழ்ப்பெண் வருகிறாள், கதைசொல்லியின் ஆசைக்கு உரியவளாக. மற்றவர்கள் தோட்டத்தின் சூழல், மழையும் மரமும் போல. ஃபோகோனியே முரட்டுக் காலனியவாதி அல்ல, வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களைக் கிண்டலடிப்பவர். அப்படிப்பட்டவரின் நாவலிலேயே இந்த நிலை என்பதால்தான் கேள்வி கனமாகிறது. நிரம்பிய கட்டங்களை விட்டுவிட்டு, எந்தக் கட்டத்திலும் உட்காராதவர் யார் என்று கேட்கும் இடத்தில் குறியியல் தொடங்க வேண்டும்.

அடுத்து, சொற்கள். ‘லெஸ்கால்’ என்ற பெயரைக் காதால் கேட்டால் பிரெஞ்சில் ‘வழியில் கப்பல் தங்கிப்போகும் துறை’ என்று பொருள்படும். தங்கிப்போக வந்தவன் என்று பெயரே சொல்லிவிடுகிறது. ‘கூலி’ என்ற சொல்லையும் இப்படியே பார்க்க வேண்டும். ஐரோப்பிய மொழிகளுக்குள் அது தமிழிலிருந்து போனது என்பது ஒரு விளக்கம், குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து போனது என்பது இன்னொன்று. எது சரியானாலும், தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் காசு. பிரெஞ்சில் அது ஆளையே குறிக்கிறது. ஒலி அதேதான், குறிப்பீடு மட்டும் சம்பளத்திலிருந்து மனிதனுக்கு நகர்ந்துவிட்டது. சொசூரை விளக்க ஆசிரியர்கள் வழக்கமாக மரத்தின் படத்தைத்தான் பலகையில் வரைவார்கள். இங்குள்ள பிள்ளைக்கு இந்த ஒரு சொல் போதும்.

மூன்றாவது, வினை. பிரெஞ்சு படிப்பவர்களைப் படாதபாடு படுத்துவது இரண்டு இறந்தகாலங்கள். ஒன்று நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு, மற்றது பின்னணிக்கும் வழக்கமாக நடப்பதற்கும். இதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்வதற்குப் பதில், நாவலின் ஒரு பக்கத்தில் துரை வரும் வாக்கியத்துக்கு எந்தக் காலம், ஆளுங்க வரும் வாக்கியத்துக்கு எந்தக் காலம் என்று இரண்டு நிறத்தில் கோடு போடச் சொல்லலாம். யாருக்கு நிகழ்ச்சி கிடைக்கிறது, யார் பின்னணியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது தாளில் தெரியும். இலக்கணமும் விமர்சனமும் ஒரே பயிற்சியில் முடியும். ரோலான் பார்த் 1970இல் பால்சாக்கின் ஒரு குறுநாவலை 561 துண்டுகளாக வெட்டிப் படித்தார். மொழி கற்பவர் எப்படியும் அந்த வேகத்தில்தான் படிக்கிறார். வகுப்பில் குறையாகத் தெரியும் அந்த மெதுவான வாசிப்பு இந்த வேலைக்குத் தோதானது.

ஆனால், கிரெமாஸ் வழியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பனுவலை விட்டு வெளியே போகக்கூடாது, பொருள் உள்ளேயே உண்டாக வேண்டும். தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ (1982) வழியாக இந்தச் சிந்தனையைத் தமிழில் படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்று தெரியும். ஆசிரியரின் வாழ்க்கை, அறநோக்கு, ‘இதன் மூலம் நாம் அறிவது யாதெனில்’ ஆகிய எல்லாவற்றிலிருந்தும் விடுபடல் அது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால், பாரிசில் இருக்கும் வாசகருக்குப் பனுவலுக்கு வெளியே இருக்கும் தோட்டம், செமினி வாசகருக்குச் சொந்த வீட்டுக் கதை. பிரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டதை, கிராணியின் கணக்கை, ‘துரை’ என்ற ஒற்றைச் சொல்லில் இருந்த பயத்தை அவர் பாட்டியிடம் கேட்டிருப்பார். அதையெல்லாம் வாசலில் விட்டுட்டு வான்னு சொல்ற முறை அவருக்குப் பாதி வாசிப்பைத்தான் தரும்.

அதனால் நான் சொல்லும் வழி இரண்டு நூல்களைப் பக்கத்தில் வைப்பது. செமினி ஆறு போய்ச் சேர்வது லங்காட் ஆற்றில். அந்த ஆற்றின் பெயரிலேயே அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ இருக்கிறது. கம்யூனிஸ்டுகளுக்கும் அரசுப் படைக்கும் இடையில் மாட்டிக்கொண்ட அவசரகாலத்து மக்களின் நாவல். அதே ஆறு கட்டங்களை இதற்கும் போட்டால், செயலாளியின் இடத்தில் தோட்டத்து மக்கள் உட்காருவார்கள். துணைக்கும் எதிருக்கும் நடுவில் போட்ட கோடு ஆட ஆரம்பிக்கும். இன்று துணையாக வந்தவன் நாளை எதிரியாகலாம் என்ற காலத்தில் ஒருவரை ஒரு கட்டத்தில் எப்படி நிறுத்துவது? மாதிரி தடுமாறும் அந்த இடத்தை மாணவர் பிரெஞ்சில் விளக்கி எழுதட்டும். பாரிஸ் மெட்ரோவில் டிக்கெட் வாங்கும் உரையாடலைவிட, அவருக்கு உண்மையிலேயே சொல்ல ஒன்று இருக்கும்.

அந்தக் கட்டுரையில் ஒரு சொல்லை மட்டும் அவர் பிரெஞ்சுக்கு மாற்ற வேண்டியதில்லை. ‘கூலி’ என்று தமிழில் எழுதி, அது சம்பளத்தைக் குறிக்கும், ஆளை அல்ல என்று அடியில் ஒரு குறிப்புப் போடட்டும்.