வடமும் முட்டுக்கட்டையும்

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நம் பேச்சில் ஊறிய நம்பிக்கை. பிரான்சின் வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்கவிட்டு அளந்தபோது வேறு கணக்கு வந்தது. 1913-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, தனியாக இழுப்பவரின் பலம் 100 என்றால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு 49 தான் தேறியது.

கூட்டத்தில் சோம்புவது மனித இயல்பு என்று இதை வைத்துத் தீர்ப்பெழுதுகிறவர்கள் உண்டு. அது எவ்வளவு தூரம் நிற்கும்?

எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் பலம் சிதறுகிறது என்பதே ரிங்கெல்மான் சொன்ன முக்கியக் காரணம். அது பாதி உண்மை. 1974-இல் ஆலன் இங்காம் குழுவினர் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்தார்கள். இழுத்தது அவர் ஒருவரே. அப்போதும் இழுவை குறைந்தது. பிறர் இருக்கிறார்கள் என்ற நினைப்பே கையைத் தளர்த்துகிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எதிர்ப்பக்கச் சான்றும் கனமானது. 1920-களில் ஓட்டோ கோலர், பெர்லின் படகோட்டிகளைச் சேர்ந்து பளு தூக்கவைத்தார். வலுவில் ஓரளவே வேறுபட்ட இணைகளில், தன்னால்தான் தோற்கிறோம் என்று ஆகிவிடக் கூடாதென்று வலுக்குறைந்தவர் தனியாகத் தாங்கியதைவிட அதிக நேரம் தாங்கினார். ஒவ்வொருவரின் உழைப்பும் தனியே தெரியும் என்று சொல்லிவிட்டால் சோம்பல் மறைவதை 1981-இல் கிப்ளிங் வில்லியம்ஸ் குழுவின் ஆய்வு காட்டியது.

தேரடியிலேயே இரண்டையும் பார்க்கலாம். வடத்தில் நூறு பேர் நடுவே நிற்பவர் சும்மா கைவைத்து நடந்தாலும் யாருக்கும் தெரியாது. சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுபவருக்கு அந்த வசதி இல்லை. கட்டை ஒரு சாண் தள்ளி விழுந்தால் தேர் திரும்பாது, ஊரே பார்க்கும். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்தான். வேறுபடுவது நிற்கும் இடம்.

ஆகவே ரிங்கெல்மானின் எண் சரி. அதிலிருந்து மனிதனைச் சோம்பேறியாக்கும் முடிவு தவறு. தன் பங்கு கணக்கில் வராத இடத்தில் கை தளர்வதும், தன்னை நம்பி நிற்கும் இடத்தில் இறுகுவதும் ஒரே இயல்புதான். இதைக் கண்காணிப்புக்கான வாதமாகவும் படிக்கக் கூடாது. செய்யும் வேலையும் சேர்ந்திருக்கும் குழுவும் பொருளுள்ளவை என்று தோன்றினாலே சோம்பல் குறைகிறது என்பது 78 ஆய்வுகளைத் தொகுத்து 1993-இல் வெளிவந்த அலசலின் முடிவு.

குழுவில் ஒருவர் சோர்ந்தால் அவர் குணத்தைக் குறைசொல்லும் முன், அவர் கையில் கொடுத்தது வடமா, முட்டுக்கட்டையா என்று பார்ப்பதே நியாயம்.