பூசலாரும் காடவர் கோமானும்

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள் பூசலார் நாயனார் புராணம் 18 திருவிருத்தங்களே உடையது. அளவிற் சிறிய இப்புராணம் போலப் பிறழ உணரப்பட்டது பிறிதொன்று காண்டல் அரிது. பொருளில்லாதார் மனத்தாற் கட்டினார். பொருளுடைய மன்னன் கல்லாற் கட்டினான். இறைவன் முன்னதை ஏற்றுப் பின்னதை இகழ்ந்தான் என்பதே சொற்பொழிவாளர் பலர் கூறும் கருத்து. இயலாதார்க்கு இஃது ஓர் ஆறுதலாகவும், ஆலயத் திருப்பணி வேண்டாவென்பார்க்கு ஒரு சான்றாகவும் ஆகிவிட்டது. நூலோ இவ்விரண்டிற்கும் இடந்தருவதன்று.

பூசலார் உழைப்பிற்கு அஞ்சி மனத்துட் புகுந்தவரல்லர். திருநின்றவூரில் இறைவற்கு ஆலயம் எடுக்க விரும்பி, முதற்கண் வருந்திப் பொருள் தேடினார், யாண்டும் கிடைத்திலது. அதன் பின்னரே சிந்தையால் நிதியந் திரட்டத் தொடங்கினார். அங்கும் அவர் குறுக்கு வழி கொண்டாரில்லை. நினைத்த மாத்திரத்தே கோபுரம் எழுந்ததென்று சேக்கிழார் ஓரடியிற் கூறி முடித்திருக்கலாம், முடித்தாரில்லை. பொருள்களும் தச்சரும் சேர்தல், ஆகம முறைப்படி நன்னாள் கொள்ளுதல், இரவிலும் கண்துயிலாமை, உபானம் முதல் சிகரம் ஈறாக முழ அளவு பிழையாது எடுத்தல், தூபி நடுதல், சுதைவேலை, கூவல், மதில், வாவி என அடைவே நிரல்படுத்துகின்றார். சிற்ப நூல் கற்றோர் ஒருவர் நின்று எண்ணினாலும் குறை காண்டற்கு இல்லை. நெடுநாள் எடுத்த பணி அது. மனக்கோயில் என்றால் மனம்போன போக்கிற் கட்டிய கோயில் என்பார், இப்பகுதியை மீண்டும் ஒருமுறை ஓதிப் பார்ப்பாராக.

இனி, மன்னன்பாற் செல்லுவாம். காஞ்சியிற் கற்றளி எடுத்தவனைக் காடவர் கோமான் என்பதன்றிப் பெயர் சுட்டிற்றிலர் சேக்கிழார். கயிலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனே இவன் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்தில் அசரீரி வாக்குக் கேட்டவன் என்று அவனைப் புகழ்கின்றது. 1890-ல் ஹுல்ஷ் என்பார் அச்சிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் இதனைக் காணலாம். அசரீரி கூறியது இன்னதென்பது அவ்விடத்து இல்லையாகலின், இரண்டும் ஒன்றேயென அறுதியிடல் சாலாது. ஆயினும், இறைவன் சொற் கேட்கப்பெற்ற செவி அவனது என்னும் அளவிற் கல்லும் நூலும் ஒத்து நிற்றல் கருதத்தக்கது.

அச்சொல் யார்க்கு வந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. கனவு கண்டவன் மன்னன். பூசலார்க்கு ஒரு குறிப்புந் தோன்றிற்றிலது. கனவிலும் கற்றளியை இகழ்ந்ததோர் உரை இல்லை. நாளை பூசலார் ஆலயத்தே யாம் புகுவோம், நீ நின் செயலைப் பின்னர்க் கொள்வாய் என்பதே ஆணை. வெறுத்தான் ஒருவனது கோயிற்குப் பின்னாள் குறிப்பார் உளரோ? திருவும் ஆற்றலும் செய்து முடித்த பணியில் 'யான் செய்தேன்' என்னும் முனைப்பு ஒன்றே எஞ்சும். நாளைத் தள்ளி வைத்த அருள் அம்முனைப்பின் வேரைத் தொட்டது.

மன்னனும் ஏவலரை விடுத்து அமர்ந்திருந்தானல்லன். தானே நின்றவூர்க்குச் சென்றான். பூசலார் எடுத்த கோயில் யாதென வினவ, அப்படியொன்று இல்லையென்றனர் ஊரார். கண்ணெதிரே கல்லொன்றும் இல்லை. அவன் ஐயுறாது அன்பரையே நாடி வணங்கினான். தம் கோயிலை இறைவன் ஏற்ற செய்தியைப் பூசலார் முதற்கட் கேட்டது அவன் வாயாலேயாம். அவர் மருண்டு நோக்கினார் என்கிறது நூல். கற்றளி எடுத்த கை இல்லையேல் மனத்தளி எடுத்தமை உலகிற்குப் புலப்பட்டிராது.

மன்னன் நிலமிசை வீழ்ந்து தொழுது, முரசு முழங்கத் தன் மூதூர் மீண்டான். பூசலார் குறித்த பொழுதில் சிந்தையாலயத்தே அரனாரைத் தாபித்துப் பன்னாள் பூசனை பேணித் திருவடி நீழல் சேர்ந்தார். காஞ்சிக் கற்றளிக்குக் கடவுண்மங்கலம் எந்நாள் நடந்தது என்பதைச் சோழன் அமைச்சராயிருந்த சேக்கிழார் ஓரிடத்தும் கூறிற்றிலர்.