சுளுக்கும் ஸ்பிரெயினும்

மலேசியாவின் புக்கிட் பெருவாங்கில் ஒருவர் படியில் கால் தவறினால் அந்த ஒரே வலிக்கு மூன்று பெயர் கிடைக்கும். கிளினிக்கில் தரும் எம்சி எனும் மருத்துவ விடுப்புத் தாளில் 'ஸ்பிரெயின்', பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) வாயில் 'தெர்செலியு', நம் வீட்டில் சுளுக்கு. மூன்றில் ஆங்கிலச் சொல்லுக்குத்தான் பூர்வீகம் தெளிவாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். சரிபார்த்தால் அப்படியில்லை.

'ஸ்பிரெயின்' எழுத்தில் தென்படுவதே 1600 வாக்கில்தான். அகராதிகள் பழைய பிரெஞ்சு வினையான 'எஸ்பிரெய்ந்த்ர்' பக்கம் கைகாட்டுகின்றன. பிழிதல், அழுத்துதல் என்று பொருள். அதற்கும் மூலம் லத்தீன் 'எக்ஸ்பிரிமெரெ'. ஒலியில் குறை காண முடியாது. 'எஸ்ட்ரெய்ந்த்ர்' என்ற வினை தலை எகரத்தை உதிர்த்து 'ஸ்டிரெயின்' ஆன வழியிலேயே இதுவும் வந்திருக்கலாம். ஆனால் ஸ்டிரெயின் 1300ஐ ஒட்டியே ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது. கூடப்பிறந்தது 300 ஆண்டு எங்கே இருந்தது? பொருளும் பாதிதான் ஒட்டுகிறது. பழத்தைப் பிழிவது வேறு. பாதம் உள்நோக்கி மடங்கி, கணுக்காலின் வெளிப்புறத் தளைநார் இழுபட்டுக் கிழிவது வேறு. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதை நினைத்தால் இடைவெளி குறையும். அந்தப் பாலத்தைக் கட்டுவது நம் கற்பனை; சான்று அல்ல.

சுளுக்கையும் இதே தராசில் வைப்போம். மலையாளத்தில் உளுக்கு, கன்னடத்திலும் ஏறத்தாழ அதே வடிவம். 'உளுக்கு' தமிழ் அகராதியிலும் உண்டு. சிறகு இறகானதுபோல, சிப்பி இப்பியானதுபோலத் தலைச் சகரம் உதிர்வது நம் மொழிக் குடும்பத்தில் தெரிந்த வழக்கம். மூன்று மொழியிலும் ஒரே பொருள். முகஞ்சுளித்தலோடும் இதை முடிச்சுப் போட எனக்கு ஆசைதான். ஆங்கிலத்துக்கு மறுத்த சலுகையைத் தமிழுக்குத் தரக்கூடாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

பால்மரக் காட்டில் உழைத்த பாட்டிகள் சுளுக்கை 'நரம்பு பிசகிடுச்சு' என்பார்கள். நரம்பல்ல, தளைநார் என்று படித்த பேரப்பிள்ளைகள் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தம் வேண்டாதது. யாழின் தந்தியும் நரம்பு, தசையை எலும்போடு கட்டும் நாணும் நரம்பு என்பது பழைய தமிழ். லத்தீன் 'நெர்வுஸ்', கிரேக்க 'நியூரோன்' இரண்டும் முதலில் அந்த நாணைத்தான் குறித்தன. மலாய்க்காரர் சொல்லும் 'சாலா உராட்' பாட்டியின் பேச்சேதான்: சாலா பிசகு, உராட் நரம்பு.

ஒன்றில் ஆங்கிலம் முந்துகிறது. தளைநார் கெட்டால் ஸ்பிரெயின், தசையோ அதன் நாணோ கெட்டால் ஸ்டிரெயின் என்று மருத்துவம் பிரித்துவைத்திருக்கிறது. சுளுக்கு இரண்டையும் ஒன்றாகவே சுமக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு மருத்துவர்கள் வகுத்தது, சொல்லின் பிறப்பிலிருந்து வந்ததல்ல. ஆகவே என் தீர்ப்பு: பிரெஞ்சு மூலம் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு படியும் ஏறாது, 'பிழிதலிலிருந்து வந்தது' என்று உறுதியாக வகுப்பில் சொல்லித்தருவது பிழை. சுளுக்கின் உறவுமுறை அதைவிடத் திடமானது.