எஸ்சிபி: ஒற்றை வரியின் கணக்கு

பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் ஏறியது மாத்தளை அலுவிகாரையில், கி.மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில் என்பது இலங்கை மரபு. 1848 கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படையினர் அந்த விகாரையின் நூலகத்தை அழித்தார்கள். நூல் தப்பியது, ஏனென்றால் பிரதிகள் வேறு இடங்களிலும் இருந்தன. பிரதியின் அருமையை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று இதே ஊரில் இருந்துகொண்டு தூரத்துச் சேர்வருக்கு மென்பொருள் ஏற்றுபவர்களோ, பிரதி எடுக்கும் வேலையைப் பில்ட் ஸ்கிரிப்டில் ஒரு வரியிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஜாவாக்காரர்களின் பழைய ஸ்கிரிப்டுகளில் அந்த வரி அப்பாச்சி ஆன்ட் என்ற பில்ட் கருவியின் 'எஸ்சிபி' பணி. கோப்பின் பெயரையும் சேர்வரின் முகவரியையும் கொடுத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். அடியில் ஓடுவது எஸ்எஸ்எச் என்ற மறையாக்க நெறிமுறை. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைப் பார்த்துத் தாத்து இலோனன் எழுதியது அது. வழியில் ஒட்டுக்கேட்க முடியாது என்பதில் சந்தேகமில்லை. கோளாறு வழியில் இல்லை, இரண்டு முனைகளில் இருக்கிறது.

முதல் முனை, யாரிடம் கொடுக்கிறோம் என்பது. சேர்வரின் சாவி முன்பே பதிவாகியிருக்காவிட்டால் பணி நின்றுவிடும். உடனே செய்யப்படும் வைத்தியம் 'ட்ரஸ்ட்' என்ற இடத்தில் 'ட்ரூ' என்று போடுவது. பிழைச்செய்தி மறைந்துவிடும். அதோடு, அந்த முகவரியில் பதில் சொல்லும் எவருக்கும் கோப்பு போகும். கடவுச்சொல்லால் உள்நுழைபவரானால் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். சாவியால் நுழைபவரின் சாவி தப்பும், கோப்பும் அதற்குள் இருக்கக்கூடிய தரவுத்தளக் கடவுச்சொல்லும் தப்பாது.

இரண்டாவது முனை, அனுப்பும் கணினி. கடவுச்சொல்லைப் பில்ட் கோப்பில் எழுதாதீர்கள் என்று ஆன்ட்டின் கையேடே எச்சரிக்கிறது. நல்லது. அதற்கு மாற்றாக அது காட்டும் வழி, ஆணை வரியில் கொடுப்பது. லினக்ஸில், விசேடத் தடை போட்டிராவிட்டால், அதே கணினியில் உள்ள இன்னொரு பயனர் ஓடும் செயல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' ஆணையைத் தட்டினாலே அது தெரியும். இந்த ஆலோசனையைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்தது நூலகம். ஆன்ட், கணினியில் உள்ள எஸ்சிபியை அழைப்பதில்லை. ஜேஎஸ்சி என்ற ஜாவா நூலகத்தை நம்பியிருக்கிறது. அதன் மூலப் பதிப்பு 2018ஓடு நின்றுவிட்டது. 2021இல் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 8.8 பதிப்பு பழைய ஆர்எஸ்ஏ கையொப்ப முறையை இயல்பில் நிறுத்தியதும், சரியான சாவி இருந்தும் பல ஸ்கிரிப்டுகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஜேஎஸ்சியின் புதிய கிளைப் பதிப்புக்கு மாறினால் தீரும். சேர்வரில் பழைய முறையைத் திறந்துவிடுவது பூட்டைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

எஸ்சிபி நெறிமுறையைப் பற்றி ஓப்பன்எஸ்எஸ்எச்சைப் பராமரிப்பவர்களின் கருத்தே கடுமையானது. காலாவதியானது, எளிதில் திருத்த முடியாதது என்று 2019இல் சொன்னார்கள். 2022இல் வந்த அவர்களின் 9.0 பதிப்பில் எஸ்சிபி ஆணையே உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற வேறொரு நெறிமுறைக்கு மாறிவிட்டது. எஸ்சிபியில் 2019இல் பேசப்பட்ட பாதுகாப்பு ஓட்டை, கெட்ட சேர்வரிலிருந்து கோப்பை இறக்கும்போதுதான் கடிக்கும்; ஏற்றுபவர்கள் அதைக் கேட்டுப் பதறத் தேவையில்லை.

அவர்கள் பதற வேண்டியது கரண்டுக்கு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. எஸ்சிபி பாதியில் அறுந்தால், சேர்வரில் அரைகுறைக் கோப்பு முழுக் கோப்பின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்எச் வழியே கோப்புகளைப் பிரதி எடுக்கும் இன்னொரு கருவியான ஆர்சிங்க் அப்படிச் செய்யாது. மறைவான தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்த பிறகே பெயரை மாற்றும். ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று 'பார்ஷியல்' தெரிவைச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது அரைக் கோப்பைக் கடைசிப் பெயரிலேயே வைத்து, தப்பி வந்த குழியில் மறுபடி தள்ளிவிடும். தனி அடைவில் வைக்கும் 'பார்ஷியல்-டிர்' தெரிவே சரி. அரைக் கோப்பைக் கடைசிப் பெயரில் விடாத இந்த ஒன்றுக்காகவே ஆர்சிங்க்குக்கு என் வாக்கு.

ஆர்சிங்க்கும் குறையில்லாதது அல்ல. 2025 ஜனவரியில் ஆறு ஓட்டைகளை ஒன்றாக அடைக்க 3.4.0 பதிப்பு வந்தது. அவற்றில் மிக மோசமானது தனிச் சேவையாக ஓடும் ஆர்சிங்க்கைப் பற்றியது, எஸ்எஸ்எச் வழியே ஓடுவதை அல்ல. இரண்டு பக்கமும் நிறுவியிருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான தொல்லை. விண்டோஸ் கணினியிலிருந்து ஏற்றுபவர்களுக்கு எஸ்எஃப்டிபி போதும்: தற்காலிகப் பெயரில் ஏற்றி, பிறகு பெயரை மாற்றுங்கள்.

ஆகவே ஆன்ட்டின் எஸ்சிபி பணி புதிய ஸ்கிரிப்டுக்கு ஆகாது. பழையதில் அதை எடுத்துவிட்டு ஆன்ட்டின் 'எக்ஸெக்' பணி வழியாக ஆர்சிங்க்கை அழையுங்கள். 'ஃபெயில்ஆன்எரர்' என்பதை 'ட்ரூ' ஆக்க மறக்க வேண்டாம். இயல்பில் அது அணைந்திருப்பதால், பிரதி தோற்றாலும் பில்ட் வென்றதாகவே காட்டும். சேர்வரின் பொதுச் சாவியை ஸ்கிரிப்டோடு சேர்த்து வையுங்கள். ஏற்றுவதற்கென்று தனிச் சாவி வைத்து, அதை 'ஆர்ஆர்சிங்க்' என்ற துணை ஸ்கிரிப்டைக் கொண்டு ஒரே அடைவுக்குள் அடக்குங்கள். இதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்றால், பில்ட் கோப்பைத் திறந்து 'ட்ரஸ்ட்' என்ற சொல்லையாவது இன்றைக்கே தேடிப் பாருங்கள்.