பாட்டிலிருந்து கட்டுமானத்துக்கு: பிங்க் ஃப்ளாய்டின் இரண்டாம் ஆல்பம்

ராக் இசை பற்றி எழுதுகிறவர்களிடம் இரண்டாம் ஆல்பம் குறித்து ஒரு பழைய சூத்திரம் உண்டு. முதல் ஆல்பத்துக்குப் பாடல் சேர்க்க ஒரு குழுவுக்கு அதுவரையிலான வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. இரண்டாவதற்குச் சில மாதங்கள்தான். எனவே சரக்கு தீர்ந்துபோகிறது, வேறு வழியில்லாமல் திசையும் மாறுகிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரலாற்றில் பொருத்திப் பார்த்தால் பல இடங்களில் இடிக்கிறது. 1968 ஜனவரியில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் வெளியிட்ட 'ஒயிட் லைட்/ஒயிட் ஹீட்'டில் 'சிஸ்டர் ரே' என்ற ஒரே உருப்படி பதினேழு நிமிடங்களுக்கு நீள்கிறது. சரக்கில்லாதவர்கள் செய்கிற காரியம் இல்லை அது. முதல் ஆல்பத்தில் பாடிய நிகோ போய்விட்டிருந்தார், ஆண்டி வார்ஹாலுடனான உறவும் முறிந்திருந்தது. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' 1991இல் வந்தபோது டிரம்ஸில் டேவ் க்ரோல் புதியவர், தயாரிப்பாளர் புட்ச் விக் புதியவர், நிறுவனமும் பெரியது. வீசர் 1996இல் 'பிங்கர்டன்' செய்தபோது வெளித் தயாரிப்பாளரே வேண்டாம் என்று தாங்களே பொறுப்பேற்றார்கள். ஒவ்வொன்றிலும் மாறியது கையிருப்பு அல்ல, வேலை செய்யும் முறை. யாரோடு உட்கார்ந்து, எதிலிருந்து தொடங்கி, எப்படி ஓர் உருப்படியை உண்டாக்குவது என்பது மாறும்போது இசையின் திசை தானாகவே திரும்புகிறது. இதைத் துல்லியமாகச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம், பிங்க் ஃப்ளாய்ட் 1968 ஜூனில் வெளியிட்ட 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'.

அதற்கு முந்தைய ஆகஸ்டில் வந்த 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்' ஏறக்குறைய ஒரே மனிதரின் ஆல்பம். பதினோரு உருப்படிகளில் எட்டை சிட் பாரெட் தனியாக எழுதினார். பூனை, குள்ளன், பயங்காட்டும் பொம்மை, சைக்கிள் என்று ஆங்கிலக் குழந்தைக் கதைகளின் உலகம் அது; பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டுகள். பீட்டில்ஸின் பதிவுகளில் 1965 வரை ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த நார்மன் ஸ்மித்தான் தயாரிப்பாளர். அதே லண்டன் ஸ்டுடியோவின் இன்னோர் அறையில் அந்த மாதங்களில் 'சார்ஜென்ட் பெப்பர்' உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால் ஆல்பத்தில் 'இண்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்ற, சொல்லே இல்லாத, ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் உருப்படியும் இருக்கிறது. நால்வர் பெயரிலும் பதிவானது. யு.எஃப்.ஓ. கிளப்பில் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த வகை வாசிப்புதான். 1967 ஜனவரியில் பீட்டர் ஒயிட்ஹெட்டின் படத்துக்காக இதையே பதினாறு நிமிடங்களுக்கு மேல் வாசித்திருக்கிறார்கள். ஆக, மேடையில் மையமாக இருந்தது தட்டில் விளிம்புக்குப் போயிருந்தது. இரண்டாம் ஆல்பத்தைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளிதான் திறவுகோல்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. 1967இன் பிற்பாதியில் பாரெட்டின் மனநிலை சிதைந்தது, எல்.எஸ்.டி. அதைத் துரிதப்படுத்தியது என்பார்கள். ஆண்டின் இறுதியில் அவருடைய பழைய நண்பர் டேவிட் கில்மோர் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரியில் ஐந்து பேராகச் சில கச்சேரிகள். மாதக் கடைசியில் சவுத்தாம்ப்டன் கச்சேரிக்குப் புறப்பட்டபோது பாரெட்டைக் கூட்டிக்கொள்ளாமலே போய்விட்டார்கள். எழுதுகிறவர் போனார், மீதிப் பேர் தடுமாறி வேறு வழி தேடினார்கள் என்று கதை முடியும். நிகழ்வுகள் எல்லாம் உண்மை. ஆனால் ஒரு தேதி இந்தக் கதைக்குள் அடங்க மறுக்கிறது. இரண்டாம் ஆல்பத்தின் முதுகெலும்புகளில் ஒன்றான ரோஜர் வாட்டர்ஸின் 'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்' பாட்டின் பதிவு 1967 ஆகஸ்டிலேயே, அதாவது முதல் ஆல்பம் கடைக்கு வந்த சில நாட்களிலேயே தொடங்கிவிட்டது. பாரெட் சோர்ந்திருந்தார் என்பது சரி. அவரை நீக்கும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. ஐந்து பேரின் வாசிப்பும் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரே பதிவும் அதுதான். டாங் காலச் சீனக் கவிதைகளின் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த வரிகளை வாட்டர்ஸ் முணுமுணுப்பாகப் பாட, ஒரே சுரக்கோவையைச் சுற்றிச் சுற்றி வந்து மெல்ல ஏறி இறங்குகிறது. பல்லவி என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. புதிய திசை பாரெட் இருந்தபோதே பிறந்துவிட்டது. அவர் விலகல் அதற்கு இடத்தைத்தான் கொடுத்தது.

தலைப்பு உருப்படிக்கு வந்தால் வேலைமுறை மாறியதைக் கண்கூடாகவே காணலாம். கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம். வாட்டர்ஸும் டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனும் லண்டனில் கட்டடக்கலை படித்தவர்கள். இந்த உருப்படியை அவர்கள் சுரங்களாக அல்லாமல், மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடமாகத் தாளில் போட்டதாகக் கில்மோர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கே இறுக்கம் கூடவேண்டும், எங்கே உடையவேண்டும், எங்கே அமைதி என்பது முதலில். எந்தக் கருவி, எந்தச் சுரம் என்பது பிறகு. முதற்பகுதி தாளம் பிடிபடாத முனகல். இரண்டாவதில் மேசனின் டிரம்ஸ் டேப் துண்டு ஒன்று வளையமாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது, ரிச்சர்ட் ரைட் பியானோவைக் கைமுட்டியால் அறைகிறார், கில்மோரின் கிடார் அலறுகிறது. பிறகு அது அடங்கி, ஆர்கன் தனியாக எழும்பி, சொல்லற்ற கூட்டுக்குரலில் தேவாலயப் பாடல்போல முடிகிறது. பாரெட்டின் முறையில் ஒருவர் வீட்டில் கிடாருடன் ஒரு பாட்டை முடித்துக்கொண்டு வருவார், மற்றவர்கள் அலங்கரிப்பார்கள். இங்கே முடித்த பாட்டு என்று எதுவும் கிடையாது. அமைப்பு மட்டும் இருக்கிறது, நால்வரும் அதை நிரப்புகிறார்கள். தனியாக எழுதத் தெரிந்த மேதை ஒருவர் இல்லாத குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. ஸ்மித்துக்கு இது பிடிபடவில்லை. மூன்று நிமிடப் பாட்டுக்கே இவர்கள் திரும்பவேண்டும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார்.

இவ்வளவு தெளிவான திசை இருந்தால் ஆல்பம் ஏன் இப்படி ஒட்டுப்போட்டதாக இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழு உருப்படிகளில் இரண்டு ரைட்டினுடையவை. இரண்டுமே குழந்தைப் பருவ ஏக்கத்தைப் பாரெட் பாணியில் பாட முயல்கின்றன. 'சீ-சா' அசடு வழிகிறது. ஸ்டுடியோவில் குழுவினரே அதற்குச் சலிப்பூட்டும் பாட்டு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 'கார்ப்பரல் க்ளெக்' விளையாட்டுத்தனமாகத் தொடங்கிக் கூச்சலில் கரைகிறது. ஆனால் அதைத் தள்ளிவிட முடியாது. 1944இல் இத்தாலியின் ஆன்சியோவில் தந்தையைப் போருக்குப் பலிகொடுத்த வாட்டர்ஸ், போர் பற்றிப் பாடும் முதல் பாட்டு அது. 'த வால்' வரை நீளும் இழை அங்கே தொடங்குகிறது. ஆல்பம் ஒருமையற்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த ஒருமையின்மையே இரண்டு வேலைமுறைகளும் ஒரே தட்டில் மோதுவதைக் காட்டும் சான்று. பழைய முறையில் செய்தவை நலிந்திருக்கின்றன, புதிய முறையில் செய்தவை நிற்கின்றன. 1971இன் பொம்பே கச்சேரிப் படத்தில் இந்த ஆல்பத்திலிருந்து இடம்பெற்றவை தலைப்பு உருப்படியும் 'செட் த கன்ட்ரோல்ஸ்'ஸும் மட்டுமே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பாரெட்டைப் பாப் பாட்டுக்காரராகவும் மற்றவர்களைக் கட்டட நிபுணர்களாகவும் பிரிப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்பது. ஆல்பத்தின் கடைசியில் வரும் அவருடைய ஒரே பாட்டான 'ஜக்பேண்ட் ப்ளூஸ்' அதற்குச் சாட்சி. சால்வேஷன் ஆர்மியின் பித்தளை வாத்தியக்காரர்களை வரவழைத்து, இஷ்டப்படி ஊதுங்கள் என்றாராம் பாரெட். ஸ்மித் எழுதித்தந்த இசையை ஊதவேண்டும் என்றார். பாட்டு நடுவில் உடைந்து, வாத்தியக் குழப்பத்தில் அமிழ்ந்து, வெறும் கிடாரோடு நின்றுபோகிறது. துணிச்சலில் யாருக்கும் குறைந்தவர் அல்லர் அவர். மறுப்பின் இந்தப் பகுதி சரியே. ஆனால் அவருடைய துணிச்சல் அந்தக் கணத்தின் உந்துதலில் இயங்குவது, மறுநாள் இன்னொருவரால் தொடர முடியாதது. வரைபடம் போட்டுச் செய்ததைத் தொடரலாம், திருத்தலாம், பெரிதாக்கலாம். குழுவை நடத்திவந்த பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும் பாரெட்தான் எல்லாம் என்று நம்பி அவரோடு போனார்கள். அன்றைய கணக்கில் அது முட்டாள்தனம் இல்லை. அவர்கள் எண்ணியது பாட்டுகளை. வேலைமுறையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1973இன் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' பெற்ற வெற்றியை வைத்துப் பின்னோக்கி அர்த்தம் கற்பிக்கிறோமோ என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. அந்த ஆல்பத்தை மறந்துவிட்டு 1968ஐ மட்டும் பார்த்தாலும் முடிவு மாறுவதில்லை. அவ்வாண்டு ஏப்ரலிலும் டிசம்பரிலும் பழைய பாணியில் இரண்டு சிங்கிள்களை வெளியிட்டார்கள். இரண்டுமே பட்டியலில் ஏறவில்லை. பாடல் விதிகளை மீறிய ஆல்பமோ பிரிட்டனில் ஒன்பதாம் இடம் பிடித்தது. அதன்பின் 1979 வரை பதினோரு ஆண்டுகள் சொந்த நாட்டில் பிங்க் ஃப்ளாய்ட் சிங்கிள் வெளியிடவே இல்லை. 1971இல் 'எக்கோஸ்' இருபத்துமூன்று நிமிடங்களுக்கு, தட்டின் ஒரு பக்கம் முழுவதும் நீண்டபோது அது 1968இன் வரைபடத்தையே பெரிதாக்கிப் போட்டது. நிக் மேசன் 2018இல், ஆரம்பகாலப் பாட்டுகளை வாசிப்பதற்கென்றே ஒரு குழுவை அமைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'.