முற்கணிப்பாளரின் கருத்து வேற்றுமை

இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எனத் தீர்மானிக்கப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகையில், அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தைப் பற்றி எவரும் வழக்காடுவதில்லை. எனினும் ஒருவர் பெரும்பரப்பை விதைக்கலாம் என்பர். மற்றொருவர் பாதியே போதும் என்பர். முன்னவர் சித்திரை மழையை நம்புகின்றார். பின்னவர் சோழகக் காற்றை எண்ணி அஞ்சுகின்றார்.

நாட்டின் பொருளியலைக் கணிக்கும் வல்லுநரிடத்தும் இவ்வேற்றுமையே காணப்படுகின்றது. 2023 ஆம் ஆண்டில் இலங்கையின் உற்பத்தி 4.3 வீதம் சுருங்கும் என அவ்வாண்டின் முற்பகுதியில் உலக வங்கி கூறிற்று. ஆசிய அபிவிருத்தி வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் 3 வீதம் என்றன. மத்திய வங்கி 2 வீதம் என்றது. நிகழ்ந்ததோ 2.3 வீதம்.

தகவற் குறைபாடே இதற்குக் காரணம் என்பார் பலர். அக்கூற்று பொருந்துவதாகத் தோன்றவில்லை. எல்லாரும் பெரும்பாலும் ஒரே புள்ளிவிபரங்களையே எடுத்தாண்டனர். ஆயின், கடன் மறுசீரமைப்பு எப்போது நிறைவுறும், இறக்குமதித் தடை எப்போது தளரும் என்பவற்றுக்கு அன்று எண் ஏதும் இருந்ததில்லை. அவ்வெற்றிடத்தை அவரவர் தத்தம் எடுகோளால் நிரப்பினர்.

அமெரிக்க முற்கணிப்புகளை ஆராய்ந்து பற்றன், ரிமர்மன் என்னும் இருவர் 2010 இல் வெளியிட்ட கட்டுரையும் இதனையே வலியுறுத்துகின்றது. தகவல் வேற்றுமையே காரணமாயின், புதுத் தகவலாற் பெரும்பயன் விளையாத நெடுங்காலக் கணிப்பில் யாவரும் சராசரியைக் கூறி ஒன்றுபடல் வேண்டும். ஆங்கேதான் அவர்கள் மிகப் பிரிந்து நின்றனர்!

அவர்தம் முடிபை யாம் ஏற்கின்றோம். ஆயினும், வேற்றுமையை மட்டும் ஆராய்தல் போதாது, ஒற்றுமையும் ஐயத்துக்குரியதே. 2024 ஆம் ஆண்டின் வளர்ச்சியை, அவ்வாண்டு சித்திரையில், ஆசிய அபிவிருத்தி வங்கி 1.9 வீதம் எனவும் உலக வங்கி 2.2 வீதம் எனவும் கணித்தன. இருவரும் அருகருகே நின்றனர். உண்மையான வளர்ச்சி 5 வீதமாயிற்று. இத்தகைய இசைவைக் கண்டு, நகையை ஈடுவைத்து உழவு இயந்திரம் வாங்கலாமா எனத் தயங்கிய கிளிநொச்சி விவசாயி வாளாவிருந்திருப்பின், அவனைக் குறைகூறுதல் தகுமோ?

குறை வேறோரிடத்தில் உள்ளது. செய்தித்தாளில் எண் மட்டுமே வெளிவருகின்றது. எடுகோள் அறிக்கையினுள்ளேயே தங்கிவிடுகின்றது. குளக்கட்டிற் பாதிப் பரப்பு என்று வாதிடுபவர் சோழகத்தையும் உடன் சொல்லிவிடுகின்றார். ஆதலால் அவரை மறுத்துரைக்க மற்றவர்க்கு இடமுண்டு.